சப்அரக்னாய்டு இரத்தக்கசிவுக்குப் பின் தலைவலி: வலியின் ஊற்றைத் தேடும் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு தனி ஒருவருடையது அல்ல. அனியூரிசம் (மூளைத் தமனியில் பலூன்போல் புடைத்த பலவீனமான இடம்) வெடித்து, மூளையைச் சுற்றிய சவ்வுகளுக்கு இடையில் இரத்தம் கசிந்து (இதுவே சப்அரக்னாய்டு இரத்தக்கசிவு) வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் போக்குகளைச் சேர்த்துப் பயிற்சிக்காக அமைத்தது. மருந்தளவுகள் சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இயங்கும் பெரியவருக்கானவை. இரத்தம் கசிந்த நாளை நாள் 0 என்று கொள்கிறோம்.

நோயாளியும் முதல் நாளும்

46 வயதுப் பெண், எடை 52 கிலோ. இளவயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. அதற்கு எப்போதாவது சுமாட்ரிப்டான் மாத்திரை போட்டுக்கொள்வார். துணி மடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட தலைவலி. இரண்டு முறை வாந்தி. பிறகு கழுத்து இறுக்கம். "இது வழக்கமான தலைவலி இல்லைங்க, மண்டையில யாரோ அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று அவரே சொன்னார். ஒற்றைத் தலைவலி உள்ளவர் இப்படிச் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டும். பழைய நோயின் பெயரால் புதிய வலியை ஒதுக்குவதால்தான் இந்த நோய் அடிக்கடி தவறிப்போகிறது.

வலி தொடங்கி மூன்றாம் மணி நேரத்தில் சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. முதல் 6 மணி நேரத்துக்குள் நவீன இயந்திரத்தில் எடுத்து, அனுபவமுள்ளவர் பார்த்தால், இரத்தம் தவறுவது மிக அரிது. நேரம் கடந்து சிடி தெளிவாக இருந்தும் சந்தேகம் நீங்காவிட்டால், 12 மணி நேரத்துக்குப் பின் இடுப்பில் ஊசி குத்தி மூளைத்தண்டுவடத் திரவத்தில் மஞ்சள் நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவருக்கு அது தேவைப்படவில்லை. மூளையின் அடிப்பகுதியிலும் இரு அரைக்கோளங்களுக்கு நடுவிலும் தடித்த இரத்தம், வென்ட்ரிக்கிளுக்குள் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள்) இல்லை. அதாவது, சிடியில் தெரியும் இரத்தத்தை அளக்கும் திருத்திய ஃபிஷர் அளவுகோலில் தரம் 3. ஜிசிஎஸ் (நினைவுநிலை எண், 3 முதல் 15 வரை) 15, கைகால் பலவீனம் இல்லை, எனவே நோயின் தீவிரத்தைச் சொல்லும் டபிள்யூஎஃப்என்எஸ் அளவுகோலில் மிக லேசான தரம் 1. இரத்தநாளங்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோவில் முன் இணைப்புத் தமனியில் 6 மி.மீ. அனியூரிசம்.

வரும்போது சிஸ்டாலிக் அழுத்தம் 178. மறுகசிவின் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம் என்பதால், நரம்பு வழி மருந்தால் 160-க்குக் கீழே கொண்டுவரப்பட்டது. வலியே அழுத்தத்தை ஏற்றும். ஆகவே ஃபென்டனில் 25 மைக்ரோகிராம் கொடுத்து, பத்து நிமிடம் கழித்து இன்னொரு 25 கொடுத்தபோது அழுத்த மருந்தின் தேவையே பாதியானது. மறுநாள் காலை ஸ்டென்ட் இல்லாமல் காயில் (மெல்லிய உலோகச் சுருள்) வைத்து அனியூரிசம் அடைக்கப்பட்டது.

அடைத்தாயிற்று, இனித் தலைவலி இறங்கிவிடும் என்று குடும்பத்தார் எதிர்பார்த்தார்கள். வெடித்த இடத்தைத்தான் அடைத்தோம். வெளியேறிய இரத்தம் உள்ளேதான் இருக்கிறது. முதல் இரண்டு வாரமும் பெரும்பாலானவர்களுக்குக் கடும் வலி நீடிக்கும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால், ஐந்தாம் நாள் வலிக்கும்போது "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்ற பயம் குறையும்.

இரத்தம் ஏன் இத்தனை நாள் வலிக்கிறது

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைப் போர்த்திய சவ்வுகளுக்கும் அடிப்பகுதி இரத்தநாளங்களுக்கும் தெரியும். முன்பக்கத்துக்கு முக்கோண நரம்பும், பின்மண்டைக் குழிக்குக் கழுத்தின் மேல் நரம்புகளும் உணர்வு தருகின்றன. அதனால்தான் வலி கண்ணுக்குப் பின்னாலும் பிடரியிலும் ஒரே நேரத்தில் தெரிகிறது.

முதல் வலி அழுத்தமும் இழுப்பும் தந்தது. அடுத்து வருவது அழற்சி. திரவத்தில் தேங்கிய சிவப்பணுக்கள் அடுத்த சில நாட்களில் ஒவ்வொன்றாக உடைகின்றன. வெளியேறும் ஹீமோகுளோபினை ஹாப்டோகுளோபின் என்ற புரதம் பிடித்துக்கொள்ள, மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு அணுக்கள் விழுங்கி அகற்ற வேண்டும். மூளைத்தண்டுவடத் திரவத்தில் ஹாப்டோகுளோபின் மிகக் குறைவு, சீக்கிரமே தீர்ந்துவிடும். மிஞ்சிய ஹீமோகுளோபினும் ஹீமும் அழற்சியைத் தொடங்கிவைக்கும் டோல் போன்ற ஏற்பி 4-ஐத் தூண்டுகின்றன. இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் ஆகிய அழற்சிப் புரதங்கள் ஏறுகின்றன. சவ்விலுள்ள வலி நரம்பு நுனிகள் கூர்மையாகின்றன. அதே ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடையும் உறிஞ்சிவிடுவதால் இரத்தநாளம் தளர வழியில்லாமல் சுருங்குகிறது. வலி உச்சத்தில் இருக்கும் நாட்களும் இரத்தநாளச் சுருக்கத்தின் நாட்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது இதனால்தான்.

அழற்சியை அடக்கினால் வலியும் போகும், மூளையும் பிழைக்கும் என்று தோன்றும். சோதனைகள் அப்படிச் சொல்லவில்லை. 803 பேரிடம் சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி. கொடுத்துப் பார்த்த ஸ்டாஷ் ஆய்வு (2014) பலன் காட்டவில்லை. மெக்னீசியத்தைச் சோதித்த மாஷ்-2 ஆய்வும் (2012) நோயின் முடிவை மாற்றவில்லை. இன்டர்லூகின்-1-ஐத் தடுக்கும் அனகின்ரா சிறிய ஆய்வுகளில் அழற்சிக் குறிகளைக் குறைத்தது. குறி குறைவதும் நோயாளி நலமாவதும் ஒன்றல்ல. உறுதியாக நிற்பது நிமோடிபின்தான்: 1989-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 554 பேரிடம், 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 60 மி.கி. வீதம் 21 நாள் கொடுத்தபோது மூளை இன்ஃபார்க்ட் (இரத்தம் கிடைக்காமல் மடியும் பகுதி) குறைந்தது. நிமோடிபின் வலி மருந்தல்ல. நாளத்தை விரிப்பதால் சிலருக்கு அதுவே தலைவலி தரும். அதற்காக அதை நிறுத்தக்கூடாது.

நாள் 1 முதல் 3 வரை: அடித்தளம்

வழக்கமாகப் பாராசிட்டமால் 1 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும். 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. இந்த நோயாளி அந்த எல்லையை ஒட்டி நிற்பவர், வாந்தியால் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஆகவே இவருக்கு மட்டும் இடைவெளியை நீட்டி, நாளொன்றுக்கு 3 கிராமுக்கு மேல் போகவில்லை. கல்லீரல் நொதிகள் மூன்று நாளுக்கு ஒரு முறை பார்க்கப்பட்டன. இங்கே நடக்கும் பிழை ஒன்று: காய்ச்சலுக்கென்று தனியாக ஒரு பாராசிட்டமால் உத்தரவு, வலிக்கென்று கூட்டு மாத்திரையில் ஒளிந்த இன்னொன்று. மருந்துப் பட்டியலில் இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் இது நடக்காது.

முதல் இரவு தேவைக்கென்று டிரமடால் எழுதப்பட்டிருந்தது, மறுநாள் நீக்கப்பட்டது. வலிப்பு வரும் வரம்பை அது தாழ்த்துகிறது, சோடியத்தையும் இறக்கக்கூடும். இரண்டுமே இந்த நோய் தானாகவே உண்டாக்கும் சிக்கல்கள். பதிலாக வாய்வழி மார்ஃபின் 5 மி.கி., குறைந்தது 4 மணி நேர இடைவெளியில், தேவைக்கு மட்டும். ஒவ்வொரு வேளைக்கும் முன்பு ஜிசிஎஸ், கண்மணி அளவு, மூச்சு எண்ணிக்கை. ஒரு மணி நேரம் கழித்து வலி எண்ணும் (0 முதல் 10 வரை) தூக்க எண்ணும். இந்த இரண்டாவது பதிவைத்தான் வார்டுகள் விட்டுவிடுகின்றன. அது இல்லாவிட்டால் ஒன்பதாம் நாள் மயக்கம் மருந்தாலா மூளையாலா என்று யாராலும் சொல்ல முடியாது. மார்ஃபின் மூச்சைக் குறைத்தால் கரியமில வாயு ஏறும், மூளை நாளங்கள் விரியும், உள்ளழுத்தம் கூடும். வலிக்குக் கொடுத்த மருந்தே வலியைக் கூட்டும்.

மலமிளக்கி முதல் மார்ஃபினோடு சேர்ந்தே தொடங்கியது: சென்னா இரவில், லாக்டுலோஸ் 15 மி.லி. இரு வேளை. முக்குவது இந்த நோயாளிக்கு ஆகாது. வாந்திக்கு ஓன்டன்செட்ரான் 4 மி.கி.; மூளைக் கசிவும் இந்த மருந்தும் இசிஜியில் க்யூடி இடைவெளியை நீட்டி இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால், முதலில் இசிஜி பார்த்த பிறகே. அறையில் மங்கிய வெளிச்சம், தலைப்பக்கம் 30 டிகிரி. தினமும் நான்கைந்து காப்பி குடிப்பவர் என்று கணவர் சொன்னார். காப்பி திடீரென்று நின்றால் அதுவே தலைவலி தரும். அனியூரிசம் அடைத்த பிறகு காலையில் ஒரு கோப்பை அனுமதிக்கப்பட்டது.

வலிப்புத் தடுப்புக்கு ஃபெனிடாயின் எழுதும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அது கல்லீரல் நொதியைத் தூண்டி நிமோடிபினை வேகமாக அழித்துவிடும். எதிர்ப்பக்கத்தில் கிளாரித்ரோமைசின், கீட்டோகொனசோல் போன்றவை நிமோடிபின் அளவை ஏற்றி அழுத்தத்தைத் தள்ளிவிடும். இவருக்கு வலிப்பு வராததால் எதுவும் கொடுக்கப்படவில்லை.

கேட்கப்பட்டும் கொடுக்கப்படாதவை

மூன்றாம் நாள் கணவர் வீட்டிலிருந்து சுமாட்ரிப்டான் பட்டையைக் கொண்டுவந்தார். "சிஸ்டர், இது போட்டா அவளுக்கு அரை மணி நேரத்துல கேக்கும், கொடுத்துப் பாக்கலாமா?" என்றார். நியாயமான கேள்வி, மரியாதையாகவே விளக்கப்பட்டது. டிரிப்டான்கள் நாளத்தைச் சுருக்கும், எர்கோட்டும் அப்படியே. நாளச் சுருக்கத்துக்கு அஞ்சி மணிக்கணக்கில் காவல் இருக்கும் நோயாளிக்கு இவை தடை. மாத்திரைப் பட்டை வீட்டுக்கே திரும்பியது. நோயாளியின் கைப்பையையும் பார்க்கச் சொன்னதில் அங்கே இன்னொரு பட்டை இருந்தது.

கீட்டோரோலாக், டைக்ளோஃபெனாக் போன்றவை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அனியூரிசம் அடைக்காதவரை பிளேட்லெட்டைத் தொடும் எதையும் கொடுப்பதற்கில்லை. அடைத்த பிறகு சில குழுக்கள் குறுகிய காலத்துக்குக் கொடுக்கின்றன. இவருக்கு வேண்டாம் என்று முடிவானதற்குக் காரணங்கள் நேரடியானவை: இரண்டு முறை கான்ட்ராஸ்ட் ஏறிய சிறுநீரகம், மூன்றாவது முறையும் தேவைப்படலாம், இடுப்பு வடிகுழாய் (மூளைத்தண்டுவடத் திரவத்தை வடிக்கும் குழாய்) போட நேரலாம், ஸ்டீராய்டு சேர்ந்தால் இரைப்பைக் கசிவு. இண்டோமெத்தசின் மூளை இரத்தவோட்டத்தையே குறைக்கும் என்பதால் பேச்சுக்கே இடமில்லை. ஒற்றைத் தலைவலிக்கு வந்துள்ள, சிஜிஆர்பி என்ற நரம்புப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகளும் கடுமையான கட்டத்தில் தவிர்க்க வேண்டியவை. சிஜிஆர்பி வலியைக் கடத்துவது உண்மை. ஆனால் சுருங்கும் நாளத்தை விரித்துப் பிடிக்க உடலிடம் இருக்கும் சில கருவிகளில் அதுவும் ஒன்று.

நாள் 4: அழுத்தத்தின் வலி

வலி 6-லிருந்து 8 ஆனது. எண்ணைவிட முக்கியம் அதன் போக்கு: விடியற்காலையில் அதிகம், படுத்திருந்தால் அதிகம், கூடவே சோம்பல். மார்ஃபினைக் கூட்டும்படி இரவுப் பணியிலிருந்து கோரிக்கை வந்தது. கூட்டவில்லை; சிடி எடுக்கப்பட்டது. வென்ட்ரிக்கிள்கள் நான்கும் லேசாக விரிந்திருந்தன, அடிப்பகுதித் திரவத் தொட்டிகள் திறந்தே இருந்தன, இடத்தை அடைக்கும் இரத்தக்கட்டி இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இடுப்பு வழியாகத் திரவம் எடுப்பது பாதுகாப்பு. மூன்றாம், நான்காம் வென்ட்ரிக்கிளில் அடைப்பு இருந்தால் மேலிருந்து, வெளி வென்ட்ரிக்கிள் வடிகுழாய் வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

திறப்பழுத்தம் 27 செ.மீ. நீர். 25 மி.லி. இரத்தக் கலப்பான திரவம் மெல்ல எடுக்கப்பட்டது. அரை மணி நேரத்தில் வலி 8-லிருந்து 4. எந்த மருந்தும் அன்று செய்யாததை இது செய்தது. பிறகு இடுப்பு வடிகுழாய் வைத்து மணிக்கு 5 மி.லி. வடிக்கத் தொடங்கினார்கள். மணிக்கு 5 மி.லி. என்பது எர்லிடிரெயின் ஆய்வில் பயன்பட்ட அதே வேகம். 2023-இல் வெளியான அந்த ஆய்வில் இடுப்பு வடிகுழாய் வைத்தவர்களிடம் மூளை இன்ஃபார்க்டும் ஆறு மாத ஊனமும் குறைந்தன. வலியைத் தூண்டும் இரத்தச் சிதைவுப் பொருளை வெளியேற்றுவது, அழற்சிக்கு எதிராக இன்று நம் கையில் உள்ள மிக நேரடியான வழி என்றே தோன்றுகிறது.

நாள் 5: ஸ்டீராய்டு

அழுத்தம் இறங்கியும் பிடரி வலி 7-இல் நின்றது, கழுத்து பலகைபோல் இருந்தது, வெளிச்சம் கூசியது. இது சவ்வு அழற்சியின் முகம். டெக்ஸாமெத்தசோன் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டியது: இது நோயின் முடிவை மேம்படுத்துகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. வலிக்குப் பல குழுக்கள் குறுகிய காலம் கொடுக்கின்றன. சிலருக்கு ஒரே நாளில் தெளிவாகக் கேட்கிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகவே கொடுப்பதானால் நிறுத்தும் தேதியைச் சேர்த்தே எழுத வேண்டும். தேதியில்லாத ஸ்டீராய்டு உத்தரவு மூன்றாம் வாரம்வரை ஓடி, தசை பலவீனத்திலும் புண் ஆறாமையிலும் முடியும்.

இவருக்கு எழுதியது: 4 மி.கி. 8 மணி நேரத்துக்கு ஒரு முறை நாள் 5, 6, 7, நாள் 8-இல் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாள் 9-இல் காலை ஒரு வேளை, அதோடு முடிவு. கூடவே பான்டோப்ரசோல் 40 மி.கி. 24 மணி நேரத்தில் குறைந்தது 2 புள்ளி வலி இறங்காவிட்டால் அங்கேயே நிறுத்துவது என்றும் எழுதப்பட்டது. 7 என்பது 4 ஆனது, தொடர்ந்தார்கள். சர்க்கரை முதல் மாலையே 248 ஆனது. இன்சுலினால் 140-180 எல்லையில் வைக்கப்பட்டது. இரவு வேளை மருந்து தூக்கத்தைக் கெடுத்தது. ஐசியு குழப்ப நிலைக்குத் தூக்கமின்மையே போதுமான எரிபொருள். அதனால் நேரங்கள் காலை 6, மதியம் 2, இரவு 10 என்பதிலிருந்து காலை 6, மதியம் 12, மாலை 6 என்று முன்னுக்குத் தள்ளப்பட்டன.

நாள் 6, 7: முதுகும் குழாயும்

ஆறாம் நாள் இடுப்பும் இரு தொடைகளின் பின்புறமும் வலித்தன. திரவத்தில் கலந்த இரத்தம் புவியீர்ப்பால் கீழே இறங்கி இடுப்பு நரம்பு வேர்களைச் சுற்றித் தேங்கும்போது வரும் வலி இது. முதல் வார இறுதியில் வழக்கம். வடிகுழாய் நுனி ஒரு வேரைத் தொட்டால் வலி ஒரு பக்கமாக, மின்சாரம் பாய்வதுபோல, குழாயை அசைக்கும்போது வரும். இவருக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி. கால் பலம், சிறுநீர் உணர்வு சரியாக இருந்தன. கேபாபென்டின் இரவில் 100 மி.கி. தொடங்கி, தூக்கக் கலக்கம் இல்லை என்று பார்த்த பிறகு மூன்று வேளையாக்கப்பட்டது. 300 மி.கி. மூன்று வேளை என்று முதல் நாளே தொடங்குவதைப் பார்க்கிறோம். மார்ஃபினோடு சேர்ந்தால் நோயாளி தூங்கி வழிவார், நரம்பியல் சோதனை பயனற்றுப் போகும்.

ஏழாம் நாள் மதியம் வலி திடீரென்று 9. உட்கார்ந்தால் 9, படுத்தால் 3. காதில் இரைச்சல், குமட்டல். நான்காம் நாளின் வலிக்கு நேர் எதிரான போக்கு. செவிலியர் முதலில் பார்த்தது மருந்துப் பட்டியலை அல்ல, சேகரிப்புப் பையை. ஒரு மணிக்கு 5 மி.லி. இருக்க வேண்டிய இடத்தில் இருபது நிமிடத்தில் 30 மி.லி. இறங்கியிருந்தது. உடற்பயிற்சிக்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தை 30-லிருந்து 60 டிகிரிக்கு உயர்த்தியபோது திருகுக் குழாய் திறந்தே இருந்தது; தலை மேலே போனது, சொட்டுக் கிண்ணம் பழைய உயரத்திலேயே தொங்கியது. உடல் ஒரு மணி நேரத்தில் சுரப்பதே ஏறத்தாழ 20 மி.லி.தான்.

குழாய் மூடப்பட்டது, நோயாளி தட்டையாகப் படுக்க வைக்கப்பட்டார், கண்மணிகள் பார்க்கப்பட்டன, சிடியில் சப்டூரல் கசிவு (மூளையின் வெளி உறைக்குக் கீழே) இல்லை என்று உறுதியானது. நான்கு மணி நேரம் மூடியே வைத்து, பிறகு மணிக்கு 5 மி.லி. மீண்டும். அன்று இரவே உட்காரும் வலி 4. இந்த நேரத்தில் மார்ஃபின் கொடுத்திருந்தால் வலி சற்று மங்கியிருக்கும், திரவம் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அதன்பின் கட்டிலின் கைப்பிடியில் ஒரு அட்டை கட்டப்பட்டது: அசைக்கும் முன் மூடு, அசைத்த பின் மட்டம் பார், பிறகு திற. மணிக்கு 5 மி.லி. வந்ததும் மூடி அடுத்த மணிக்குத் திறப்பது, எந்நேரமும் திறந்து வைத்து உயரத்தை நம்புவதைவிடப் பாதுகாப்பு.

நாள் 8: காய்ச்சலும் திரவமும்

வெப்பம் 38.4. இரத்தமே சவ்வில் அழற்சி உண்டாக்கிக் காய்ச்சல் தரும். குழாய் வழியாகக் கிருமியும் தரும். இரண்டிலும் தலைவலி, இறுகிய கழுத்து, திரவத்தில் வெள்ளணுக்கள். ஊகித்துச் சொல்வதற்கில்லை, கணக்கிட வேண்டும்.

திரவத்தில் சிவப்பணு 14,000, வெள்ளணு 60. ஏறத்தாழ 700 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளணு இரத்தத்தோடு வந்ததாகக் கொண்டால், 20 வரை இரத்தத்தின் கணக்கு. மீதி 40 அழற்சியின் கணக்கு. இந்த எண் மட்டும் போதாது. திரவத்தின் வெள்ளணு-சிவப்பணு விகிதத்தை இரத்தத்தின் அதே விகிதத்தால் வகுத்தால் அணுக் குறியீடு கிடைக்கும். அன்று இரத்தத்தில் வெள்ளணு 12,000, சிவப்பணு 42 லட்சம், குறியீடு 1.5. ஆறாம் நாள் எடுத்த மாதிரியில் வெள்ளணு 45, சிவப்பணு 18,000, இரத்தத்தில் 11,000-க்கு 42 லட்சம்; குறியீடு 0.95. ஏறியிருக்கிறது, ஆனால் மடங்குகளாகத் தாவவில்லை. திரவச் சர்க்கரை 82, இரத்தத்தில் 150, பாதிக்கு மேல். லாக்டேட் 3.2, கிருமித் தொற்றில் பொதுவாகக் காணும் 4-க்குக் கீழே. கிராம் சாயத்தில் கிருமி இல்லை.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். ஸ்டீராய்டு இரத்த வெள்ளணுவைத் தானே ஏற்றிவிடும், குறியீட்டின் கீழ்ப்பகுதி பெருகி விடை சிறிதாகத் தோன்றும். சர்க்கரையும் மணிக்கு மணி மாறும். திரவத்தோடு இரத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. அதனால் ஒரு மாதிரியை வைத்து முடிவெடுக்காமல், கல்ச்சர் அனுப்பி, நுரையீரல், சிறுநீர், ஊசிக் குழாய் இடங்கள், கால் நரம்புகள் பார்த்து, பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பது என்றும், குறியீடு இரட்டித்தாலோ நோயாளி சற்றே மங்கினாலோ கல்ச்சருக்குக் காத்திராமல் வான்கோமைசினும் மெரோபெனமும் தொடங்குவது என்றும் எழுதி வைக்கப்பட்டது. இரண்டாம் குறியீடு 1.3. மருந்து தேவைப்படவில்லை, 48 மணி நேரக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை.

நாள் 9: வலி குறைந்தது

காலைப் பதிவில் வலி 2. முந்தைய இரவு 5. பட்டியலைப் பார்த்தவர்களுக்கு ஆறுதலான எண். ஆனால் ஸ்டீராய்டு குறைந்துகொண்டு வருகிறது, மார்ஃபின் கடைசியாகக் கொடுத்து ஆறு மணி நேரம் ஆகிறது, வடிகுழாய் அளவு மாறவில்லை. வலி கூட வேண்டிய நாள் அது. குறைந்ததற்குக் காரணம் எதுவும் இல்லை.

செவிலியர் மறுபடி கேட்டார்: "அம்மா, தலை எவ்வளவு வலிக்குது, சொல்லுங்க." அவர் செவிலியரையே பார்த்தார். சற்று நேரம் கழித்து "ரெண்டு" என்றார். இடது கால் எப்படி இருக்கிறது என்று கேட்டபோதும் அதே தாமதம், அதே "ரெண்டு". முந்தைய நாள் வெளிச்சத்துக்கு முகம் சுளித்தவர், இப்போது ஜன்னல் திரை திறந்திருந்தும் பேசாமல் இருந்தார். இடது காலைத் தூக்கச் சொன்னபோது கட்டிலிலிருந்து உயர்ந்தது, மெல்லத் தள்ளியதும் விழுந்தது, பலம் 3/5. கண்மணிகள் 3 மி.மீ., மூச்சு நிமிடத்துக்கு 16. மார்ஃபின் மயக்கமாக இருந்தால் கண்மணி ஊசிமுனையாக, மூச்சு மெதுவாக இருந்திருக்கும். ஒரு கால் மட்டும் பலமிழக்காது.

முன் இணைப்புத் தமனி அனியூரிசத்தில் சுருக்கம் வந்தால் முன் மூளைத் தமனிகளின் பகுதி வாடும்: காலில் பலவீனம், செயலூக்கம் இழப்பு. வலியை உணராமல் இல்லை; அதைச் சொல்லும் முனைப்புதான் போய்விட்டது. மண்டை வழியே ஒலியலையால் இரத்த வேகத்தை அளக்கும் டாப்ளரில் நடு மூளைத் தமனியின் சராசரி வேகம் நொடிக்கு 130 செ.மீ., லேசான ஏற்றமே. முன் தமனிகளில் டாப்ளர் அவ்வளவு நம்பத்தக்கதல்ல என்பதால் நேரே சிடி ஆஞ்சியோ: இரு முன் தமனிகளும் இணைப்புக்கு அப்பால் குறுகியிருந்தன, வலதில் அதிகம். சோடியம் 128, முந்தைய நாள் சிறுநீர் 4.5 லிட்டர். நிமோடிபின் வேளைக்குப் பிறகு சிஸ்டாலிக் 112 வரை இறங்கியிருந்ததும் பட்டியலில் இருந்தது.

நான்கு காரியங்கள் ஒன்றாக நடந்தன. நோர்அட்ரினலினால் சிஸ்டாலிக் அழுத்தம் 180 வரை ஏற்றப்பட்டது. அனியூரிசம் அடைத்திருப்பதால்தான் இது சாத்தியம். நிமோடிபின் நிறுத்தப்படவில்லை, 2 மணி நேரத்துக்கு ஒரு முறை 30 மி.கி. என்று பிரிக்கப்பட்டது, நாள் மொத்தம் அதே 360 மி.கி. 3 சதவீத உப்பு நீர் 150 மி.லி. இருபது நிமிடத்தில், பிறகு மெல்லச் சொட்டாக, 24 மணி நேரத்தில் சோடியம் 8-க்கு மேல் ஏறாதபடி. ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் 0.1 மி.கி. இரு வேளை, பொட்டாசியத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு. திரவக் கட்டுப்பாடு இந்த நோயாளிகளிடம் கூடாது. உப்பு சிறுநீரில் ஓடி இரத்த அளவு வற்றுகிறது. தண்ணீரையும் நிறுத்தினால் சுருங்கிய நாளத்துக்குப் பின்னால் தள்ள எதுவும் மிஞ்சாது.

தொண்ணூறு நிமிடத்தில் கால் பலம் 4/5. பதில்கள் வேகமாயின. அவர் சொன்ன முதல் முழு வாக்கியம் தலை பிளக்கிறது என்பதுதான். வலி எண் 7. அந்த ஏழைக் கேட்டுக் குழு நிம்மதியடைந்தது, பாராசிட்டமால் வேளையைத் தவறாமல் கொடுத்தது, மார்ஃபின் 5 மி.கி. கொடுத்தது. ஒரு மணி நேரத்தில் கால் முன்னேறாமல் இருந்திருந்தால் தமனிக்குள் நேரடியாக மருந்து செலுத்தக் கேதீட்டர் அறை தயாராக வைக்கப்பட்டிருந்தது.

இந்த நிகழ்வில் கற்க வேண்டியது இதில் அடங்கியிருக்கிறது என்று கருதுகிறோம். வலி எண் ஏறினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். காரணமில்லாமல் இறங்கினால் யாரும் பார்ப்பதில்லை. இரண்டுமே மூளையிலிருந்து வரும் செய்தி. பட்டியலில் வலி எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு சொற்கள் எழுத இடம் விட்டால் போதும்: எந்த நிலையில் கூடுகிறது, கடைசியாக என்ன மாறியது. நான்காம் நாளின் படுத்தால் கூடும் வலி, ஏழாம் நாளின் உட்கார்ந்தால் கூடும் வலி, ஒன்பதாம் நாளின் இல்லாத வலி மூன்றும் ஒரே மார்ஃபின் உத்தரவின் கீழ் மறைந்துபோயிருக்கக்கூடியவை.

கன்ன எலும்பு வளைவுக்கு மேலே ஊசி செலுத்தி டெரிகோபலட்டைன் குழியை (முகத்தின் உள்ளே நரம்புகள் கூடும் இடம்) மரத்துப்போகச் செய்யும் முறை, பிடரி நரம்பில் புபிவகெய்ன் செலுத்தும் முறை இரண்டையும் ஓபியாய்டைக் குறைக்கப் பயன்படுத்துகிறார்கள். அனுபவமுள்ள கை இருந்தால் பிடரி வலி முதன்மையாக உள்ளவருக்கு இரண்டாவது பரிசீலிக்கத்தக்கது. இவருக்குத் தேவைப்படவில்லை.

வார்டும் வீடும்

பதினொன்றாம் நாள் வடிகுழாய் 24 மணி நேரம் மூடி வைக்கப்பட்டது. தலைவலி கூடவில்லை, சிடியில் வென்ட்ரிக்கிள் விரியவில்லை, மறுநாள் எடுக்கப்பட்டது. அன்றைய எம்ஆர்ஐயில் வலது முன் தமனிப் பகுதியில் ஒரு சிறு இன்ஃபார்க்ட். அழுத்த ஏற்ற மருந்து பதின்மூன்றாம் நாள்வரை படிப்படியாக இறக்கப்பட்டது. மார்ஃபின் பதினான்காம் நாளோடு நின்றது. வீட்டுக்கு ஓபியாய்டு எழுதப்படவில்லை. நிமோடிபின் 21 நாள் முழுமையாகக் கொடுக்கப்பட்டது. ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் சோடியம் நிலைத்தபின் நிறுத்தப்பட்டது. கேபாபென்டின் மூன்று வாரத்தில் குறைத்து முடிக்கப்பட்டது.

கடிதத்தில் எழுதிக் கொடுத்தவை: பாராசிட்டமால் மாதத்தில் 15 நாளுக்குக் குறைவாக, கூட்டு வலி மாத்திரைகள் 10 நாளுக்குக் குறைவாக, இந்த எல்லைகளைத் தொடர்ந்து மீறினால் மருந்தே தலைவலியை நிலைநிறுத்திவிடும். சுமாட்ரிப்டான் இனி இல்லை, ஒற்றைத் தலைவலி வந்தாலும். நடை தடுமாறினால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால், மறதியும் மந்தமும் கூடினால், தலைவலி இல்லாவிட்டாலும் உடனே வர வேண்டும். திரவம் உறிஞ்சப்படாமல் தேங்குவது வாரங்கள் கழித்தும் வரும், ஷண்ட் (திரவத்தை உடலுக்குள்ளேயே வேறிடத்துக்கு வடிக்கும் நிரந்தரக் குழாய்) தேவைப்படலாம்.

மூன்று மாதம் கழிந்தும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் தலை கனம், சத்தம் தாங்க முடியாமை, தூக்கம் கலைவது இருந்தன. நோய் நிலைத்து மூன்று மாதத்துக்கு மேல் தலைவலி நீடித்தால் அதை நிலைத்த தலைவலி என்று தனியாகக் கணக்கில் எடுக்கிறார்கள். சிடியில் வென்ட்ரிக்கிள் சரி, சோடியம் சரி, தைராய்டும் கார்டிசோலும் சரி. இந்த நோய்க்குப் பின் பிட்யூட்டரி சுரப்பு குறைந்து சோர்வும் தலைவலியும் தரக்கூடும் என்பதால் இவற்றைப் பார்க்காமல் விடக்கூடாது. அமிட்ரிப்டிலின் இரவில் 10 மி.கி. தொடங்கி, இரண்டு வாரத்தில் 20 ஆக்கப்பட்டது. தூக்கம் முதலில் சீரானது, வலி நாட்கள் பிறகு குறைந்தன. அடுத்த வருகையில் மனச்சோர்வுக் கேள்விகளும் இடது கால் நடைப் பயிற்சியின் அளவீடும் சேர்க்கப்பட்டுள்ளன.